கழிக்கும் முன் கறவைப் பசுவைச் சோதிப்பது எப்படி: சேலம் மாவட்டப் புதிய பண்ணையாளர்களுக்கு

பால் குறைந்துவிட்டது, பலமுறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை, நடையும் தளர்ந்துவிட்டது என்றானதும் அந்தப் பசுவைக் கழித்துவிடுவதென்று பண்ணையாளர் முடிவு செய்கிறார். தரகர் வந்து விலை பேசி, ஓரிரு நாளில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். ஈரோடு கருங்கல்பாளையத்துக்கோ பொள்ளாச்சிச் சந்தைக்கோ போய், அங்கிருந்து கேரளத்துக்குக் கைமாறும் அந்தப் பசுவுக்கு உண்மையில் என்ன நோய் இருந்தது என்பதை, அதை ஐந்தாறு ஈற்று வரை வளர்த்தவர் அறிவதே இல்லை. அறுவைக்கூடத்தில் அதன் ஈரலையும் நுரையீரலையும் அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கு நோய் தெரிகிறது. ஆனால் அது எந்தக் கட்டுத்தறியிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது.

இந்த இடைவெளியால் இழப்பு அடைவது விற்ற பசு மட்டுமன்று. கழித்த பசுவின் கல்லீரலில் சீழ்க்கட்டிகள் இருந்தால், அதே தொட்டியில் அதே தீவனத்தைத் தின்னும் மற்ற பசுக்களுக்கும் அதே கேடு தொடங்கியிருக்க வாய்ப்புண்டு. குளம்பில் புண் இருந்தால், அதே சிமெண்டுத் தரையில்தான் மற்றவையும் நிற்கின்றன. கழிக்கப்பட்ட மாடுகளின் உடலில் வழக்கமாகத் தென்படும் நோய்களில் பெரும்பாலானவை, உடலைத் திறப்பதற்குச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்பே வெளியில் அடையாளம் காட்டியிருக்கும். அந்த அடையாளங்களை எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைச் சேலம், ஓமலூர், ஆத்தூர்ப் பகுதிகளிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் புதிதாகப் பண்ணை தொடங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தரகரைக் கூப்பிட்ட பிறகு இதைச் செய்வதில் பயன் குறைவு. கழிக்கலாமா என்ற எண்ணம் வந்த அன்றே தொடங்குங்கள்.

முதல் படி: ஏட்டை எடுத்து வையுங்கள்

பசுவின் அருகில் போவதற்கு முன், அதைப் பற்றி எழுதி வைத்திருப்பவை அனைத்தையும் ஓரிடத்தில் சேருங்கள். எத்தனையாவது ஈற்று, கடைசியாகக் கன்று ஈன்ற நாள், நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, சினை ஊசி போட்ட நாள்கள், போட்ட மருந்துகள், பால் குறையத் தொடங்கிய வாரம் ஆகியவை வேண்டும். பால் ஒரே நாளில் பாதியாக விழுந்ததா, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்ததா என்பது மிக முக்கியமான செய்தி. ஒரே நாளில் விழுந்தால் கம்பி குத்தியிருக்கலாம் அல்லது கடும் மடிநோய் வந்திருக்கலாம். மெல்லக் குறைந்தால் ஈரல், குடற்புழு, குளம்பு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஏடே இல்லையென்றால் பால் சங்கத்துப் பதிவு உதவும். கொழுப்பையும் பிற திடப்பொருளையும் கணக்கிட்டே அங்கே விலை போடுவதால், வேளைதோறும் உங்கள் பாலின் கொழுப்பு எவ்வளவு இருந்தது என்பது அதில் இருக்கும். ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தச் சீட்டுகள் ஒரு மருத்துவக் குறிப்பு அளவுக்குப் பயன்படும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள்.

இரண்டாம் படி: நிற்பதையும் நடப்பதையும் பாருங்கள்

பசுவை அவிழ்த்துச் சமதரையில் இருபது முப்பது அடி நடக்க விட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நலமான பசுவின் முதுகு நிற்கும்போதும் நடக்கும்போதும் நேராக இருக்கும். நிற்கும்போது நேராகவும் நடக்கும்போது மட்டும் வளைந்தும் இருந்தால் குளம்பு வலி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நிற்கும்போதே முதுகு வளைந்திருந்தால் வலி முற்றியிருக்கிறது. அடியெடுத்து வைக்கும்போது தலையைத் தூக்கித் தாழ்த்துவதும், ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் வைத்திருப்பதும் அதற்கும் அடுத்த நிலை.

அறுவைக்கூடங்களில் கறவைப் பசுக்களின் கால்களைச் சோதிப்பவர்கள் மீண்டும் மீண்டும் காண்பது பின்காலின் வெளிப்பக்கக் குளம்பில், அடிப்பகுதியும் குதிப்பகுதியும் சேரும் இடத்தில் உள்ள புண்ணைத்தான். மடியின் அகலத்தால் பின்கால்கள் விலகி நிற்பதும், சிமெண்டுத் தரை இளகிக் கொடுக்காததும், வெட்டிவிடப்படாத குளம்பு முன்னால் நீண்டு எடையைக் குதிப்பக்கம் தள்ளுவதும் சேர்ந்து அந்த ஓரிடத்தை நசுக்குகின்றன. மேய்ச்சலுக்குப் போகும் நாட்டு மாடுகளில் குளம்பு தானாகத் தேயும். நாள் முழுவதும் கட்டிய இடத்திலேயே நிற்கும் ஜெர்சி, பிரீசியன் கலப்பினங்களில் அது தேய வழியில்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறையாவது குளம்பு வெட்டிவிடுவது, படுக்குமிடத்தில் ரப்பர் விரிப்பு போடுவது, தரையில் சாணமும் மூத்திரமும் தேங்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை தேவை. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த தொட்டியில் மாடுகளை நடக்க விடுவது குளம்பிடுக்கு அழுகலைத் தடுக்க உதவும். அடிக்குளம்புப் புண்ணை அது ஆற்றாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, புண்ணுள்ள பசுவை மாதக்கணக்கில் துத்தநீரில் நிறுத்தி வைப்பவர்களைப் பார்க்கிறேன். அந்தப் புண்ணுக்கு அதைச் சுற்றியுள்ள குளம்பின் கெட்டியான பகுதியைச் சீவி, எடை அதன்மேல் விழாதபடி மருத்துவர் செய்யும் சிகிச்சைதான் வழி.

நொண்டுகிற பசுவைக் கழித்தே தீரவேண்டும் என்பதில்லை. உரிய காலத்தில் பார்த்தால் பெரும்பாலும் தேறிவிடும். தேறாத அளவுக்கு நொண்டினால், அதை வண்டியில் ஏற்றுவதும் தகாது.

மூன்றாம் படி: சாணத்தையும் தொட்டியையும் சோதியுங்கள்

இந்த மாவட்டத்துக்கு என்றே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்திருப்பதால், மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு பிரித்தபின் மிஞ்சும் திப்பி மலிவாகக் கிடைக்கிறது. திப்பியில் நார் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மாவு பிரித்தபிறகும் அதில் மாவுச்சத்து நிறையவே தங்கியிருக்கும். புரதமோ மிகக் குறைவு. அளவோடு, சோளத்தட்டும் வைக்கோலும் புண்ணாக்கும் சேர்த்துக் கொடுத்தால் அது நல்ல தீவனம். லாரியில் வந்து இறங்கிய மறுநாளே கூடை கூடையாகக் கொட்டினால் அது நோய்க்கு வித்து.

நடப்பது இதுதான். மாவுச்சத்து திடீரென்று மிகும்போது பசுவின் பெருவயிற்றில் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. அந்த அமிலம் பெருவயிற்றின் உட்சுவரை அரித்துப் புண்ணாக்குகிறது. புண் வழியே பியூசோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் குருதியில் கலந்து, நேரே கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. அறுவைக்கூடத்தில் ஈரலைத் தடவிப் பார்க்கும்போது எலுமிச்சை அளவிலும் அதற்குப் பெரிதாகவும், தடித்த உறையோடு அகப்படுபவை இவையே. கட்டி கல்லீரலை ஒட்டிச் செல்லும் பெரிய சிரைக்குள் உடைந்தால், சீழ் நுரையீரலுக்குப் போய் அங்கே குருதிக்குழாயை அரிக்கும். அப்படிப்பட்ட பசு ஒரு நாள் வாயிலும் மூக்கிலும் இரத்தம் கக்கிச் சாகும். உரிமையாளருக்கு அது பாம்புக்கடி போலத் தோன்றும். இதே அமிலக்கேடுதான் குளம்பின் உள்ளே குருதி ஓட்டத்தைக் கெடுத்து, மேலே சொன்ன அடிக்குளம்புப் புண்ணுக்கும் வழி செய்கிறது. ஈரலும் குளம்பும் ஒரே தொட்டியால் கெடுகின்றன என்பதைப் புதியவர்கள் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும்.

கல்லீரல் கட்டிக்கென்று உயிருள்ள பசுவில் தனி அடையாளம் அரிது. ஆனால் அதற்கு முந்தைய அமிலக்கேடு நன்றாகவே தெரியும். சாணம் ஒரு நாள் இறுகியும் மறுநாள் சாம்பல் நிறத்தில் நுரைத்தும் கழியும். அதில் செரிக்காத தானியத் துணுக்குகள் தென்படும். தின்னும் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஓய்ந்து படுத்திருக்கும் பசுக்களில் பாதிக்குமேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படியில்லாமல் பல மாடுகள் வெறுமனே படுத்திருக்கும். பால் சங்கத்துச் சீட்டில் கொழுப்பு மட்டும் தொடர்ந்து இறங்கும். கொழுப்பு குறைந்ததென்று இன்னும் கொஞ்சம் திப்பியையும் மாவையும் கூட்டுவது பலர் செய்வது; அது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பாகும். புதுத் தீவனத்தை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். திப்பிக்கு முன் உலர்தீவனம் கொடுங்கள். ஒரே வேளையில் போடுவதை மூன்று வேளையாகப் பிரியுங்கள். அமிலத்தைத் தணிக்கும் சமையல் சோடா எவ்வளவு சேர்ப்பது என்பதைப் பசுவின் எடையையும் பால் அளவையும் வைத்து மருத்துவர் சொல்லட்டும். பூஞ்சணம் பிடித்த ஈரத் திப்பியை எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது. அதில் உண்டாகும் நச்சு ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும்.

சாணம் மாதக்கணக்கில் தண்ணீராகவே போய், தின்பது குறையாமல் உடல் மட்டும் உருகினால் அது வேறு நோய். ஜோன்ஸ் நோய் என்னும் அந்தத் தொற்றில் குடல் தடித்து மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருப்பதை அறுவைக்கூடத்தில் காணலாம். அதற்குச் சிகிச்சை இல்லை. கன்றுகளை அந்தப் பசுவின் சாணத்திலிருந்து விலக்கி வைப்பதே முதல் வேலை.

நான்காம் படி: நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள்

பசு தன் தீவனத்தை உதட்டால் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுழற்றி வாரி விழுங்குகிறது. தீவனத்தில் கிடக்கும் கட்டுக்கம்பித் துண்டு, ஆணி, எரித்த டயரின் கம்பி, தட்டு வெட்டும் இயந்திரத்திலிருந்து உடைந்த இரும்பு ஆகிய யாவும் அதனுடன் உள்ளே போகும். கனமான பொருள் இரண்டாம் வயிறாகிய தேன்கூட்டு வயிற்றில் தங்குகிறது. அந்த வயிறு நிமிடத்துக்கு ஒருமுறை அளவில் சுருங்கும்போதெல்லாம் கம்பி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. தேன்கூட்டு வயிற்றுக்கும் இதயத்துக்கும் இடையே இருப்பது உதரவிதானம் என்ற மெல்லிய தசைத்திரை ஒன்றுதான். நிறை சினையில் கருப்பை வயிற்றை அழுத்துவதால், கன்று ஈனும் காலத்தை ஒட்டி இந்தக் கேடு அதிகம் வெளிப்படும்.

முதல் அறிகுறி, பால் ஒரே நாளில் சட்டென்று விழுவது. பசு முதுகை வளைத்து, முன்கால் முட்டுகளை வெளிப்பக்கம் விலக்கி நிற்கும், படுப்பதற்கு அஞ்சும், படுத்தால் முனகும். இறக்கத்தில் நடக்க மறுக்கும், ஏற்றத்தில் தடையின்றி நடக்கும். சமவெளியில் இதைச் சோதிக்க இடம் தேட வேண்டியிருக்கும். ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் ஒவ்வொரு நாளும் மேய்ச்சலுக்குப் போய்வரும் வழியே அந்தச் சோதனையைச் செய்துவிடுகிறது. வழக்கமாக முன்னால் இறங்கிவரும் பசு ஒன்று சரிவில் நின்று நின்று, குறுக்காக இறங்கினால், கால் வலி என்று தைலம் தேய்த்துக் காலம் கடத்தாதீர்கள். இரண்டு பேர் ஒரு கழியைப் பசுவின் நெஞ்செலும்புக்குப் பின்னால் வயிற்றடியில் வைத்து மெதுவாக மேலே தூக்கிச் சட்டென்று விடும்போது அது முனகினால், சந்தேகம் வலுக்கும்.

இந்த நிலையில் மருத்துவர் வாய்வழியே காந்தம் செலுத்தியோ, வயிற்றைத் திறந்து கம்பியை எடுத்தோ பசுவைக் காப்பாற்ற முடியும். அடுத்த நிலையில் அலைதாடியிலும் முன்கால்களுக்கு நடுவிலும் நீர் கோத்து வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். கழுத்துச் சிரை கயிறு போலத் தடித்துத் தெரியும். இந்த இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் கம்பி இதயவுறையைத் துளைத்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதி. அறுவைக்கூடத்திலும் பிரேதப் பரிசோதனையிலும் அந்த இதயத்தின் மேல் மஞ்சள் நிறச் சீழ்ப்படலம் தடிமனாகப் படிந்திருப்பதையும், நாற்றமடிக்கும் நீர் தேங்கியிருப்பதையும் ஒருமுறை பார்த்தவர், கட்டுத்தறிக்கு அருகில் கட்டுக்கம்பியைச் சிதற விடமாட்டார். வீட்டு வேலை, கொட்டகை வேலை நடந்த இடத்தை ஒரு காந்தத்தால் துழாவி எடுப்பது சிறிய வேலை. தட்டு வெட்டும் இயந்திரத்தின் வாயிலும் ஒரு காந்தத்தைப் பொருத்துங்கள்.

பிளாஸ்டிக் குத்துவதில்லை, அடைக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், நகர்ப்புறக் குப்பை மேடுகளிலும் ஏற்காட்டுச் சுற்றுலாப் பாதையோரங்களிலும் உணவு ஒட்டிய பைகள் கிடக்கின்றன. அவற்றைத் தின்ற பசுவின் பெருவயிற்றில் பைகள் கயிறாக முறுக்கி, பந்தாகத் திரண்டு கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இடப்பக்க வயிறு எப்போதும் நிறைந்தது போலவும், முதுகெலும்பும் விலாவும் துருத்தியும் தெரியும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: தாது உப்புக் குறைவுள்ள மாடு பை, துணி, எலும்பு என்று கண்டதையும் மெல்லும். நாள்தோறும் 30 முதல் 50 கிராம் வரை தாது உப்புக் கலவை கொடுப்பது அந்த வேட்கையைத் தணிக்கும்.

ஐந்தாம் படி: மடி

கறந்த பிறகு மடி தளர்ந்து துணிபோல் தொங்க வேண்டும். நான்கு பகுதிகளையும் தனித்தனியே உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பழைய மடிநோயால் கெட்ட பகுதி கல்லாக இறுகியோ, மற்றவற்றைவிடச் சிறுத்தோ இருக்கும். அதை வெட்டிப் பார்த்தால் பால் திசு இருந்த இடத்தில் வெண்ணிற நார் நிரம்பியிருக்கும். நடுவே சீழ்ப்பைகளும் இருக்கலாம். அந்தப் பகுதியில் இனிப் பால் ஊறாது. அதைத் திருப்பிக் கொண்டுவர ஊசிமேல் ஊசி போடுவது வீண் செலவு. ஒரு பகுதி கெட்ட பசு மற்ற மூன்றிலும் நல்ல பால் தருமானால், அதைக் கடைசியாகக் கறந்து தொடர்ந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. வீக்கமே தெரியாத மறைமுக மடிநோயைக் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைக் கரைசலால் கட்டுத்தறியிலேயே கண்டுபிடிக்கலாம். பாலும் கரைசலும் கலந்ததும் கூழாகத் திரண்டால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. பால் வற்றவிடும் காலத்தில் மருத்துவர் காம்புக்குள் செலுத்தும் மருந்து அடுத்த ஈற்றில் பலன் தரும். பல பண்ணைகள் இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த ஆண்டு வருந்துகின்றன.

ஆறாம் படி: தலை, பல், மூச்சு

கீழ்த்தாடைக்கு அடியில் மெத்தென்று நீர் கோத்த வீக்கமும், கண்ணிமையைக் கீழே இழுத்தால் உள்ளே வெளுப்பும் இருந்தால் தட்டைப்புழுவை நினையுங்கள். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், மலையடிவாரச் சதுப்பு ஆகிய இடங்களில் நத்தைகள் வாழும். அவற்றிலிருந்து வெளிவரும் புழுவின் இளநிலை புல்லில் ஒட்டிக்கொள்கிறது. அறுவைக்கூடத்தில் ஈரலை அறுக்கும்போது பித்தநாளங்கள் குழாய்போல் தடித்து, கத்தியில் மணல் நெருநெருப்பதுபோல் சுண்ணாம்பு படிந்திருப்பதும், உள்ளிருந்து இலைவடிவப் புழுக்கள் வழிவதும் அடையாளம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சாணத்தைச் சோதித்துப் புழுவின் வகையறிந்து மருந்து கொடுங்கள்; உருண்டைப் புழுவுக்கான எல்லா மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது.

ஈரலிலும் நுரையீரலிலும் தெளிந்த நீர் நிரம்பிய கட்டிகள் இருந்தால் அது நாயிலிருந்து வந்தது. நாயின் குடலில் வாழும் சிறு நாடாப்புழுவின் முட்டை தீவனத்தில் கலந்து மாட்டுக்குப் போகிறது, மனிதருக்கும் போகும். நாய்க்கு உரிய காலத்தில் புழுநீக்க மருந்து கொடுப்பதும், இறந்த மாட்டின் உறுப்புகளை நாய்க்குப் போடாதிருப்பதும் அந்தச் சுழற்சியை அறுக்கும்.

பல்லைத் திறந்து பார்க்கும்போது வயதை மட்டும் பார்க்காதீர்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் முதல் இணை நிலைப்பற்களும், நான்கு அல்லது ஐந்து வயதுக்குள் எட்டுப் பற்களும் முளைத்துக் கடை சேர்ந்துவிடும். அதன்பிறகு தேய்மானத்தை வைத்தே மதிப்பிட வேண்டும். இந்தப் பக்கத்தில் சேலம், தருமபுரி மாவட்டங்களின் சில இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. அப்படிப்பட்ட நீரைக் கன்றாக இருந்தது முதல் குடித்த பசுவின் பற்கள் பழுப்புக் கறையும் குழியுமாய், வயதுக்கு மீறித் தேய்ந்திருக்கும். எலும்பில் முண்டுகள் தோன்றி விறைப்பாக நடக்கும். அதைக் கிழடு என்று கழித்துவிட்டு, அதே கிணற்று நீரில் அடுத்த கன்றை வளர்ப்பதில் என்ன பயன்? நீரைச் சோதித்துவிட்டு, முடிந்தவரை மழைநீரையும் ஏரிநீரையும் கொடுங்கள்.

காலையில் எழுந்ததும் இருமல், மெலிவு, கழுத்து நிணநீர்க் கணுக்களின் வீக்கம் ஆகியவை நீடித்தால் காசநோய்ச் சோதனை தேவை. தோலில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து மருத்துவர் தடிப்பை அளப்பார். அறுவைக்கூடத்தில் தொண்டை, நெஞ்சுக் கணுக்களை அறுக்கும்போது பாலாடைக்கட்டி போன்ற மஞ்சள் பொருளும் சுண்ணாம்புத் துகளும் தெரிவது இந்நோயில்தான். முடிவு தெரியும்வரை, தெரிந்த பிறகும், பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

உண்ணி மிகுந்த கலப்பினப் பசு காய்ச்சலுடன் மெலிந்து, முன்தோள் கணு வீங்கியிருந்தால் உண்ணி பரப்பும் தைலேரியா நோயாக இருக்கலாம். அறுவைக்கூடத்தில் நான்காம் வயிற்றின் உட்சுவரில் சிவந்த விளிம்புடன் வட்டவட்டமாகக் குத்தியெடுத்தது போன்ற புண்கள் அதன் முத்திரை.

ஏழாம் படி: சினையா என்று உறுதி செய்யுங்கள்

சினை நிற்கவில்லை என்று விற்கப்பட்ட பசுவின் கருப்பையில் கன்று இருப்பது அறுவைக்கூடங்களில் அரிதன்று. கடைசி ஊசிக்குப் பிறகு தற்செயலாகக் காளை சேர்ந்திருக்கலாம், அல்லது சினையானதை யாரும் கவனிக்காமல் இருந்திருக்கலாம். இரண்டு மாதம் கழிந்தால் அனுபவமுள்ள மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தப் பசுவையும் விற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருப்பையில் சீழ், சினைப்பையில் நீர்க்கட்டி என்றால் இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

ஏழாம் மாதத்துக்கு மேல் கரு கலைந்திருந்தால் கன்றுவீச்சு நோயை (புருசெல்லோசிஸ்) சந்தேகித்துக் குருதி கொடுத்துச் சோதிக்க வேண்டும். இந்நோய் அறுவைக்கூடத்தில் கண்ணுக்குப் பெரும்பாலும் அகப்படாது. ஆனால் கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டவருக்கு மாதக்கணக்கில் காய்ச்சலையும் மூட்டுவலியையும் தரும். 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி ஒருமுறை போடப்படுகிறது. உங்கள் கன்றுகளை அதில் விட்டுவிடாதீர்கள்.

எட்டாம் படி: முடிவெடுத்தல்

இவ்வளவும் பார்த்தபின் பசு மூன்றில் ஒரு நிலையில் இருக்கும். சிகிச்சையால் தேறக்கூடியது என்றால் விலைக்குப் போகும் பணத்தோடு சிகிச்சைச் செலவையும் அடுத்த ஈற்றுப் பாலையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். நோயில்லாமல் பால் மட்டும் குறைந்தது என்றால் குறைந்த பால் போதும் என்கிற வேறொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். தேறாத நோயும் வலியும் உள்ளது என்றால் அதை வண்டியில் ஏற்றாதீர்கள். எழுந்து நிற்க முடியாததும், காலை ஊன்ற முடியாததும், நிறை சினையில் இருப்பதும் பயணத்துக்குத் தகுதியற்றவை. மருத்துவரின் தகுதிச் சான்று இல்லாமல் மாடுகளை ஏற்றுவது 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளுக்கும் முரணானது. தீரா வலியில் கிடக்கும் விலங்கை வலியின்றி உயிர்நீக்குவதற்கு 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கிடந்த பசுவைக் கயிறு கட்டி இழுத்து ஏற்றுவதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1976-ஆம் ஆண்டு அரசாணைப்படி அறுவைக்கூடங்களில் பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது. மற்ற மாட்டினங்களுக்கும் 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்ற சான்று தேவை. 2001-ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள், ஒரு மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டுக்கு மேலும் நாளுக்கு 96-க்கு மேலும் விலங்குகளைச் சோதிக்கக் கூடாது என்கின்றன. ஒரு விலங்குக்கு ஐந்து நிமிடமாவது கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

விற்கும் முன் கடைசியாகப் போட்ட மருந்துகளைப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் பாலிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் நீங்குவதற்கு உரிய காலம் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். அது முடியாமல் பசு கைமாறினால் அந்த மருந்தை வேறொரு குடும்பம் உண்கிறது. வலிநீக்கிகளில் டைக்ளோபெனாக் 2006 முதலும், கீட்டோபுரோபென், அசிகுளோபெனாக் ஆகியவை 2023 முதலும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டவை. இறந்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகள் இவற்றால் சிறுநீரகம் கெட்டு மடிந்ததே அதற்குக் காரணம்.

ஒன்பதாம் படி: பசு பண்ணையிலேயே இறந்தால்

முதலில் ஒரு எச்சரிக்கை. நன்றாக இருந்த மாடு திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருங்குருதி கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலைத் திறக்கவும் தோலுரிக்கவும் கூடாது. காற்றுப் பட்டதும் அந்த நோயின் கிருமி விதையுருவாகி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். ஊர் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஆறடிக்கும் மேலான குழியில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். கால்நடை ஊர்தி சேவைக்கான 1962 என்ற எண்ணைக் கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி இறக்கும் பசுக்களுக்குப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். காப்பீட்டுக்காக மட்டும் அதைச் செய்கிறோம். மருத்துவர் கையெழுத்திட்டதும் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். அருகில் நின்று பாருங்கள். தலையும் தொண்டைக் கணுக்களும், நுரையீரல், இதயவுறை, ஈரலின் பித்தநாளம், நான்கு வயிறுகளின் உட்சுவர், தேன்கூட்டு வயிற்றில் கிடக்கும் பொருள்கள், சிறுநீரகம், கருப்பை, மடி ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். குளம்பைச் சீவிப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள். பிரேதப் பரிசோதனையில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

ஐயம் இருந்தால் மாதிரி எடுத்து அனுப்பலாம். தலைவாசலிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இந்த மாவட்டத்துக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. திசு ஆய்வுக்கு உறுப்பின் சிறு துண்டைப் பத்து விழுக்காடு பார்மலினில் போட வேண்டும்; நுண்ணுயிர் வளர்ப்புக்கு உரியதைப் பார்மலினில் போடாமல் பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். புட்டியின்மேல் பசுவின் காதுவில்லை எண், ஈற்று, நோய்க்குறி, கொடுத்த மருந்து, இறந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். முடிவு வந்ததும் அதை அந்தப் பசுவின் ஏட்டில் மட்டும் எழுதி மூடிவிடாமல், அதனோடு ஒரே தொட்டியில் தின்ற, ஒரே தரையில் நின்ற ஒவ்வொரு பசுவையும் அதே வாரத்தில் இரண்டாம் படியிலிருந்து ஒருமுறை சோதியுங்கள்.